நியூட்ரான் விண்மீனின் உள்ளே: புதிய ரேடியோ தொலைநோக்கிகள் எவ்வளவு சொல்லும்?

சூரியனைவிட அதிக நிறை, சென்னை மாநகரின் பரப்புக்குள் அடங்கிவிடும் ஓர் உருண்டை. அதன் நடுவில் பொருள் எந்த வடிவில் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு விடையும் அதன் காலத்தில் உறுதியானதாகத் தோன்றியது. பின்னர் ஓர் அளவீடு வந்து அதைத் தளர்த்தியது. அந்த அளவீடுகளில் பெரும்பாலானவற்றைத் தந்தவை ரேடியோ தொலைநோக்கிகள். இப்போது ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அவற்றின் அடுத்த தலைமுறை எழுந்துகொண்டிருக்கிறது. அவை இந்தக் கேள்வியைத் தீர்த்துவிடும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காகிதத்தில் பிறந்த விண்மீன்

ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தது 1932-இல். ஈராண்டுகளில் வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும், பெருவிண்மீன் ஒன்று சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது நியூட்ரான்களாலான அடர்ந்த விண்மீன் எஞ்சக்கூடும் என்று எழுதினார்கள். அதற்குச் சற்று முன்னரே, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு எனக் கணக்கிட்டிருந்தார். இன்றைய கணக்கில் அந்த வரம்பு ஏறத்தாழ 1.4 சூரிய நிறை. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நியூட்ரான் விண்மீன் ஒரு பாதி விடையாக அமைந்தது.

நியூட்ரான் விண்மீனுக்கும் அப்படியொரு வரம்பு இருக்க வேண்டும். 1939-இல் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் பொதுச் சார்பியலைப் பயன்படுத்தி அதைக் கணக்கிட்டபோது கிடைத்த எண் 0.7 சூரிய நிறை மட்டுமே. நியூட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளாத, ஈர்க்காத வாயுவாக நடந்துகொள்ளும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதே காரணம். அணுக்கருவுக்குள் செயல்படும் விசை மிக நெருங்கிய தூரத்தில் தள்ளுவிசையாக மாறுகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்ட கேமரன், 1959-இல் வரம்பை ஏறத்தாழ இரண்டு சூரிய நிறைக்கு உயர்த்தினார். அணுக்கரு விசையை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு விண்மீனின் விதி முடிவாகிறது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள இந்த உறவை இயற்பியலாளர்கள் நிலைச் சமன்பாடு என்கிறார்கள். நாம் தேடுவது அதைத்தான்.

உள்ளகத்தில் என்ன?

சாதாரண அணுக்கருவின் அடர்த்தியே ஒரு கன சென்டிமீட்டருக்கு 27 கோடி டன். நியூட்ரான் விண்மீனின் மையத்தில் அது இன்னும் பல மடங்கு கூடுகிறது. அங்கே என்ன இருக்கும் என்பதில் மூன்று பெரிய தரப்புகள் உருவாயின.

முதல் தரப்பு எளிமையானது. மையம் வரை நியூட்ரான்கள், அவற்றோடு சிறிதளவு புரோட்டான்களும் எலக்ட்ரான்களும். இரண்டாம் தரப்பு 1960-ஐ ஒட்டி அம்பார்ட்சும்யான், சாக்கியான் ஆகியோரின் கணக்குகளில் வலுப்பெற்றது. அடர்த்தி ஓர் அளவைக் கடந்ததும் நியூட்ரான்களின் ஆற்றல் மிகவும் உயர்ந்து, அவை ஹைப்பெரான் எனப்படும் கனமான துகள்களாக மாறுவதே இயற்கைக்கு எளிதாகிவிடுகிறது என்றது அது. தர்க்கம் வலுவானதுதான். ஆனால் புதிய வகைத் துகள் தோன்றியதும் அழுத்தம் குறைகிறது. விண்மீன் தாங்கக்கூடிய நிறையும் குறைகிறது. மூன்றாம் தரப்பு நியூட்ரான் என்ற துகளே அங்கே கரைந்துபோகும் என்கிறது. அதன்படி, நியூட்ரானின் உட்கூறுகளான குவார்க்குகள் தனித்து உலவும் ஒரு திரவம் மையத்தை நிரப்பியிருக்கும். 1984-இல் எட்வர்ட் விட்டன், விசித்திரக் குவார்க்குகள் கலந்த அத்தகைய பொருளே இயற்கையின் மிக நிலையான பொருளாக இருக்கலாம் என்ற துணிச்சலான கருத்தை முன்வைத்தார்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. குவார்க்குகளுக்கு இடையிலான விசையை விளக்கும் குவாண்டம் வண்ண இயக்கவியலின் சமன்பாடுகளை இந்த அடர்த்தியிலும் குறைந்த வெப்பநிலையிலும் நேரடியாகத் தீர்க்க இன்று எந்தக் கணினி முறையாலும் இயலவில்லை. ஆகவே மூன்றுமே மாதிரிகள். கொள்கையிலிருந்து நேராக இறங்கிவந்த முடிவுகள் ஆகா.

நிறை கொடுத்த அடி

1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் கண்ட 1.337 நொடித் துடிப்பு, நியூட்ரான் விண்மீனைக் காகிதத்திலிருந்து வானத்துக்குக் கொண்டுவந்தது. பல்சார் என்று பெயர்பெற்ற இவை சுழலும் கலங்கரை விளக்கத்தைப் போன்றவை. அவற்றின் துடிப்பு வந்துசேரும் நேரத்தை ஆண்டுக்கணக்கில் குறித்துவைப்பதே இத்துறையின் அடிப்படை உழைப்பு. 1974-இல் ஹல்ஸும் டெய்லரும் கண்ட இணைப் பல்சார், இவ்வகை நேரக்கணக்கால் ஒரு நியூட்ரான் விண்மீனின் நிறையைத் துல்லியமாக நிறுத்துப் பார்க்கலாம் எனக் காட்டியது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அளக்கப்பட்ட நிறைகள் பெரும்பாலும் 1.35 சூரிய நிறையைச் சுற்றியே குவிந்தன. இது ஒரு தவறான நிம்மதியைத் தந்தது என்றே நினைக்கிறேன். 1990-களில் பெதேயும் பிரவுனும் உச்சவரம்பு சுமார் 1.5 சூரிய நிறை என்று வாதிட்டபோது அது அளவீடுகளோடு நன்றாகவே பொருந்தியது. ஆனால் அந்தக் குவியல் இணை விண்மீன்கள் உருவாகும் விதத்தைப் பற்றிய செய்தி; பொருளின் தாங்குதிறனைப் பற்றி அது எதுவும் சொல்லியிருக்கத் தேவையில்லை. எளிதில் அளக்க முடிந்தவற்றை மட்டும் அளந்துவிட்டு, இயற்கையின் எல்லை அதுவே என்று முடிவுகட்டும் ஆபத்து இத்துறையில் இன்றும் இருக்கிறது.

2010-இல் அந்த நிம்மதி குலைந்தது. அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கியைக் கொண்டு டெமொரெஸ்டும் அவர் குழுவினரும் ஜே1614-2230 என்ற பல்சாரின் நிறையை 1.97 எனக் கண்டார்கள். பல்சார் தன் துணை விண்மீனுக்குப் பின்னால் செல்லும்போது, துணையின் ஈர்ப்பால் துடிப்புகள் மைக்ரோநொடிக் கணக்கில் தாமதமாகின்றன. இர்வின் ஷபிரோவின் பெயரால் வழங்கும் இந்தத் தாமதமே அங்கே தராசாக அமைந்தது. 2013-இல் ஜே0348+0432 என்ற பல்சாருக்கு 2.01 கிடைத்தது. 2021-இல் ஜே0740+6620 ஏறத்தாழ 2.08 என்று நிலைபெற்றது. ஹைப்பெரான் தோன்றியாக வேண்டும், ஆனால் தோன்றினால் இந்த நிறையைத் தாங்க முடியாது என்ற முரண், ஹைப்பெரான் புதிர் என்ற பெயரோடு ஆய்வுக் கட்டுரைகளில் தங்கிவிட்டது.

ஆனால் இந்த எண்களையும் கல்வெட்டாகக் கொள்வதற்கில்லை. ஜே1614-இன் நிறை நீண்ட கால அளவீட்டுக்குப் பின் சுமார் 1.91-க்கு இறங்கியது. ஜே0348-இன் 2.01 என்ற மதிப்பு, துணையான வெண்குறு விண்மீனைப் பற்றிய மாதிரிகளை ஓரளவு சார்ந்திருந்தது. ரேடியோ நேரக்கணக்கை மட்டும் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வு அதை சுமார் 1.8 என்கிறது. மறுபுறம், துணையை அரித்துத் தின்னும் ஜே0952-0607 என்ற வேகப் பல்சாருக்கு 2022-இல் 2.35 என்ற மதிப்பு சொல்லப்பட்டது. துணையின் முகம் எவ்வாறு சூடேறுகிறது என்ற மாதிரியைச் சார்ந்த எண் அது. பிழைவீச்சும் பெரியது. இரண்டு சூரிய நிறை என்ற தளம் உறுதியானது; அதற்கு மேல் கூரை எங்கே என்பது தெளிவாகவில்லை.

ஆரம்: ரேடியோவின் கை எட்டாத இடம்

நிறை மட்டும் போதாது. ஒரே நிறைக்கு வெவ்வேறு நிலைச் சமன்பாடுகள் வெவ்வேறு ஆரங்களைத் தருகின்றன. ரேடியோத் துடிப்பால் ஆரத்தை நேரடியாக அளக்க முடியாது. இங்கே இரு வேறு முறைகள் உள்ளே வந்தன.

முதலாவது ஈர்ப்பு அலை. 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான மோதலில், இரு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று எவ்வளவு உருக்குலைத்தன என்பதிலிருந்து லைகோ, விர்கோ குழுக்கள் அவற்றின் ஆரத்தை ஏறத்தாழ 11.9 கிலோமீட்டர் என மதிப்பிட்டன. பிழைவீச்சு 1.4 கிலோமீட்டர். மிகவும் கடினமான, அதாவது எளிதில் அழுந்தாத நிலைச் சமன்பாடுகள் இதனால் பின்தள்ளப்பட்டன. அத்தகைய தெளிவான நிகழ்வு பின்னர் அமையவில்லை.

இரண்டாவது, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2017-இல் பொருத்தப்பட்ட நைசர் என்னும் எக்ஸ் கதிர்க் கருவி. பல்சாரின் பரப்பிலுள்ள வெப்பத் திட்டுகள் சுழன்று வரும்போது ஒளி எப்படி ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து ஆரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஜே0740-க்கு ஒரு குழு 12.4 என்றும் இன்னொரு குழு 13.7 என்றும் சொன்னது. ஜே0030+0451-க்கு முதலில் சுமார் 13 கிலோமீட்டர் என்றார்கள். 2024-இல் மறு ஆய்வு செய்தபோது, வெப்பத் திட்டுகளின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 11.7 அல்லது 14.4 என இரு விடைகள் வந்தன. அதே ஆண்டு ஜே0437-4715-க்குக் கிடைத்தது ஏறத்தாழ 11.4. திட்டுகளின் வடிவம் என்ற ஒரு தெரியாத காரணியே இங்கே கிலோமீட்டர் கணக்கில் விடையை நகர்த்துகிறது.

பெரும்பாலான அறிமுகக் கட்டுரைகள் விட்டுவிடும் ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். நைசரின் முடிவுகள் ரேடியோ தொலைநோக்கிகளின் தோள்மேல் நிற்கின்றன. ஜே0740, ஜே0437 ஆகியவற்றின் நிறை ரேடியோ நேரக்கணக்கிலிருந்து முன்கூட்டியே கிடைத்ததால்தான் ஆரத்தைத் தனியே பிரித்தெடுக்க முடிந்தது. ஜே0437-இன் நிறைக்குப் பின்னால் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியின் நீண்ட காலப் பதிவுகள் உள்ளன. எக்ஸ் கதிர் முறை ரேடியோவுக்குப் போட்டி என்று எழுதுவது பொருந்தாது.

துள்ளல்கள்

உள்ளகத்தைப் பற்றிய இன்னொரு துப்பு சுழற்சியில் இருக்கிறது. பல்சாரின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைவதே வழக்கம். சிலவேளை அது திடீரெனச் சற்றே வேகம் கூடுகிறது. 1969-இல் வேலா பல்சாரில் இதை முதன்முதலில் பதிந்தவர்களில் ஒருவர், பார்க்ஸில் பணியாற்றிய வி. ராதாகிருஷ்ணன். சென்னையில் பிறந்தவர், சி. வி. ராமனின் மகன். சுழற்சி வேகம் அன்று பத்து லட்சத்தில் இரண்டு பங்கு கூடியிருந்தது. இக்கட்டுரையில் இதைத் துள்ளல் என்று குறிப்போம்.

மேலோடு நிலநடுக்கம்போல் உடைவதால் இது நேர்கிறது என்பது முதல் விளக்கம். வேலாவில் சுமார் மூன்றாண்டுக்கு ஒருமுறை பெரிய துள்ளல் வருவதால், அவ்வளவு ஆற்றல் மேலோட்டில் சேர நேரம் போதாது; இந்த விளக்கம் அங்கே தோற்றது. 1975-இல் ஆண்டர்சனும் இட்டோவும் வேறொன்றைச் சொன்னார்கள். பச்சை முட்டையைச் சுழற்றி ஒரு கணம் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால், உள்ளே இருக்கும் கரு சுழன்றுகொண்டே இருப்பதால் முட்டை மறுபடி சுழலத் தொடங்கும். அதுபோல மேலோடு வேகம் இழந்தாலும் உள்ளே உரசலற்று ஓடும் மீப்பாய்ம நியூட்ரான்கள் பழைய வேகத்திலேயே சுழல்கின்றன. அவற்றின் சுழல்கள் மேலோட்டில் சிக்கி நின்று, ஒரு கட்டத்தில் கூட்டமாக விடுபடும்போது கோண உந்தம் மேலோட்டுக்குக் கைமாறுகிறது.

இந்த விளக்கமே இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது. ஆயினும் 2012-ஐ ஒட்டி, மேலோட்டின் அணுக்கரு அடுக்குகள் மீப்பாய்மத்தைத் தம்மோடு இழுத்துப் பிடிப்பதைக் கணக்கில் சேர்த்தபோது, மேலோட்டு மீப்பாய்மம் மட்டும் வேலாவின் துள்ளல்களுக்குப் போதாது என்ற முடிவு வந்தது. அப்படியானால் உள்ளகமும் பங்கேற்க வேண்டும். அந்த இழுவை மிகையாக மதிப்பிடப்பட்டது என்ற எதிர்வாதமும் பின்னர் எழுந்தது. வழக்கு முடியவில்லை.

இதில் பெரும் முன்னேற்றம் தந்தது ஒரு சிறிய கருவி. டாஸ்மேனியாவில் 26 மீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி வேலாவை நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று துள்ளல் நிகழ்ந்தபோது, ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியே பதிவாயிற்று. ஒரு துடிப்பு வரவே இல்லை. அதையடுத்தவை வடிவம் மாறி வந்தன. வேகம் பதின்மூன்று நொடிகளுக்குள் ஏறிவிட்டது என்று பின்னர் கணக்கிடப்பட்டது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கோவிந்த் ஸ்வரூப் எழுப்பிய தொலைநோக்கியும், புணேக்கு வடக்கேயுள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியும் இதே வகைக் கண்காணிப்புக்குப் பயன்பட்டுவருகின்றன.

வரவிருக்கும் கருவிகள்

ஸ்கொயர் கிலோமீட்டர் அரே, சுருக்கமாக எஸ்.கே.ஏ., இரு பகுதிகளாக எழுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் 1,31,072 சிறு ஆன்டெனாக்கள் 50 முதல் 350 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். தென்னாப்பிரிக்காவின் காரூவில், 2018 முதல் இயங்கும் மீர்கேட்டின் 64 தட்டுகளையும் சேர்த்து 197 தட்டுகள் அமையும். கட்டுமானம் 2022 டிசம்பரில் தொடங்கியது. இந்தியாவும் 1,250 கோடி ரூபாய் ஒதுக்கி இதில் உறுப்பாகியிருக்கிறது. சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கி ஏற்கெனவே ஆயிரத்துக்கு மேற்பட்ட பல்சார்களைக் கண்டிருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தபின், அந்த இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பும் இவற்றின்மேல் விழுந்துள்ளது.

இவற்றால் உறுதியாகக் கிடைக்கக்கூடியது எண்ணிக்கை. இன்று தெரிந்த பல்சார்கள் சில ஆயிரம். நம் பால்வழியில் நியூட்ரான் விண்மீன்கள் பத்துக் கோடிக்குக் குறையாது என மதிப்பிடப்படுகிறது. அதிகம் தேடினால் விளிம்பிலுள்ளவை அகப்படும். என்.ஜி.சி. 1851 என்னும் கோளகக் கொத்தில் மீர்கேட் கண்ட ஒரு பல்சாரின் துணைக்கு நிறை 2.09-க்கும் 2.71-க்கும் இடையே என 2024-இல் அறிவிக்கப்பட்டது. அது மிகக் கனமான நியூட்ரான் விண்மீனா, மிக இலேசான கருந்துளையா என்று சொல்ல முடியவில்லை. சுழற்சியின் விளிம்பும் முக்கியம். நொடிக்கு 716 முறை சுழலும் பல்சார் 2006-இல் அறிவிக்கப்பட்டது. அதன் சாதனை முறியடிக்கப்படவில்லை. ஆயிரம் சுற்றைத் தாண்டும் ஒன்று கிடைத்தால், ஆரம் பெரிதாக உள்ள நிலைச் சமன்பாடுகள் ஒரே நாளில் கழிக்கப்படும். இதுவரை கிடைக்காததற்கு இயற்கைத் தடை காரணமா, விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயு துடிப்பைக் கலங்கடிப்பது காரணமா என்பது தெரியவில்லை. 18 நிமிடம், 54 நிமிடம் என்று மெதுவாகத் துடிக்கும் பொருள்களும் அண்மையில் தென்பட்டுள்ளன. அவற்றில் சில வெண்குறு விண்மீன்கள் எனத் தெரிவதால், நியூட்ரான் விண்மீன் ஆய்வுக்கு அவை எவ்வளவு உதவும் என்பதை இப்போது சொல்ல இயலாது.

உணர்திறன் தீர்க்காதவை

பெரிய தொலைநோக்கி என்றால் துல்லியமும் அதற்கேற்பக் கூடும் என்ற எண்ணம் பரவலானது. பிரகாசமான பல்சார்களுக்கு இது பொருந்தவில்லை. அவற்றின் ஒவ்வொரு துடிப்பும் வடிவில் சற்றே மாறுகிறது. ஜே0437-ஐ ஒரு மணி நேரம் பார்த்தாலும், இந்த இயல்பான நடுக்கத்தால் ஏறத்தாழ 50 நானோநொடிப் பிழை எஞ்சுகிறது. தட்டுகளைக் கூட்டினால் அது குறையாது. பார்க்கும் நேரத்தைக் கூட்டினால் மட்டுமே குறையும். விண்மீன்களுக்கு இடையே உள்ள எலக்ட்ரான்கள் துடிப்பைத் தாமதப்படுத்துவதும் நாளுக்கு நாள் மாறுகிறது. அதைச் சரிசெய்யத் தாழ் அதிர்வெண் அளவீடு வேண்டும். 2023-இல் பல்சார் நேரக்கணக்கிலிருந்து ஈர்ப்பு அலைப் பின்னணிக்கான சான்றுகள் வெளியானபோது, ஐரோப்பியக் குழுவோடு இணைந்த இந்தியக் குழு ஜி.எம்.ஆர்.டி. வழியாக அளித்த பங்கு முதன்மையாக இதுவே.

ஆகவே புதிய கருவிகளின் விளம்பரத்தில் பல்சார் எண்ணிக்கைக்குத் தரப்படும் முதன்மை சற்று மிகையானது என்பது என் கருத்து. உள்ளகத்தைப் பற்றிய கேள்விக்கு விடை, தேர்ந்தெடுத்த சில பொருள்களைப் பத்து இருபது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்வதில் இருக்கிறது. எஸ்.கே.ஏ.யின் நேரத்துக்கு அண்டவியலாளர் முதல் கோள் ஆய்வாளர் வரை எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். மாதந்தோறும் சில மணி நேரத்தை ஒரே பல்சாருக்குத் தொடர்ந்து ஒதுக்குவது நிர்வாக அளவில் எளிதாக இராது. பெரிய கருவி வந்ததும் சிறிய கருவிகளை மூடிவிடும் போக்கு நேர்ந்தால், அடுத்த வேலாத் துள்ளலை அருகிருந்து பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இரட்டைப் பல்சாரும் எஞ்சும் கேள்வியும்

இந்த நீண்ட பின்தொடரலுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஜே0737-3039. 2003-இல் பார்க்ஸில் கண்டறியப்பட்ட இந்த இணையில் இரண்டுமே பல்சார்கள். 2.45 மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. புதன் கோளின் நீள்வட்டப் பாதை பொதுச் சார்பியலால் நூற்றாண்டுக்கு 43 ஆர்க்நொடி திரும்புகிறது. இந்த இணையின் பாதை ஆண்டுக்கு 16.9 டிகிரி திரும்புகிறது. இந்தத் திருப்பத்தில் மிகச் சிறு பங்கு, வேகமாகச் சுழலும் பல்சார் தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுப்பதால் வருகிறது. அந்தச் சிறு பங்கைப் பிரித்தெடுத்தால் அதன் நிலைமத் திருப்புத்திறன் கிடைக்கும். நிறை ஏற்கெனவே தெரியும் என்பதால் அதிலிருந்து ஆரத்துக்கும் நிலைச் சமன்பாட்டுக்கும் போகலாம். வெப்பத் திட்டுகளின் வடிவம் குறித்த ஊகம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

பிரித்தெடுப்பது எளிதன்று. 2021-இல் கிராமர் குழுவினர் பதினாறு ஆண்டுத் தரவுகளைப் பகுத்தபோது, பல்சார் சுழற்சி ஆற்றலை இழப்பதால் நொடிக்கு ஏறத்தாழ 80 லட்சம் டன் நிறை குறைவதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த இழப்பும் நிலைமத் திருப்புத்திறனையே சார்ந்திருக்கிறது. தூரத்தையும் பால்வழியின் ஈர்ப்பையும் பற்றிய நம் அறிவும் துல்லியமாக வேண்டும். இவையெல்லாம் கைகூடினால் மீர்கேட், எஸ்.கே.ஏ. தரவுகளைச் சேர்த்து 2030-ஐ ஒட்டி ஏறத்தாழ பத்து விழுக்காட்டுத் துல்லியம் எட்டலாம் என்று ஒரு முன்கணிப்பு உண்டு. கட்டுமான அட்டவணை தள்ளிப்போனால் அந்த ஆண்டும் தள்ளிப்போகும்.

அது கிடைத்தாலும் எல்லாத் தரப்புகளையும் அது தீர்த்துவைக்காது. அந்தப் பல்சாரின் நிறை 1.34 மட்டுமே. அத்தகைய விண்மீனின் மையத்தில் அடர்த்தி நியூட்ரான்கள் குவார்க்குகளாகக் கரையும் அளவை எட்டாமலே இருக்கலாம். 2020-இல் அனாலாவும் அவர் குழுவினரும் குவார்க் உள்ளகத்துக்கு ஆதரவாக முன்வைத்த வாதம், குறிப்பாக இரண்டு சூரிய நிறையை ஒட்டிய கனமான விண்மீன்களைப் பற்றியது. நியூட்ரான் மட்டும் என்ற முதல் தரப்பு இலேசான விண்மீன்களுக்கும், குவார்க் தரப்பு கனமானவற்றுக்கும் ஒருசேரச் சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு. இதைச் சோதிக்க, இரண்டு சூரிய நிறையுள்ள ஒரு பல்சார் இன்னொரு நியூட்ரான் விண்மீனைச் சில மணி நேரத்தில் சுற்றிவரும் இணை வேண்டும். புதிய தேடல்களில் எண்ணிக்கை உண்மையிலேயே பயன்படும் இடம் இது. அப்படியொரு இணை இன்னும் அகப்படவில்லை. அகப்பட்டாலும் அதன் நேரக்கணக்கு முதிர மேலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.